பழைய வீட்டு யன்னல்களைப் பிடுங்க வேண்டாம்: இறக்கக்கண்டியிலிருந்து எமது நிலைப்பாடு

போரும் 2004 டிசம்பர் 26 கடற்கோளும் விட்டுவைத்த பழைய ஓட்டு வீடுகள் இந்தத் திருகோணமலைக் கரையோரத்தில் கொஞ்சம்தான். அவற்றிலும் மரயன்னல்களைக் கழற்றிவிட்டு அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் பொருத்தினால் வீடு குளிரும், மின்கட்டணம் குறையும் என்ற நம்பிக்கை பரவி வருகிறது. எமது சங்கம் இதை ஏற்கவில்லை. எங்கள் வெயிலுக்கும் இந்த வீடுகளின் கட்டுமானத்துக்கும் அது நேர்மாறான பலனையே தரும்.

பழைய யன்னல் ஒன்றின் முன் நின்று பாருங்கள். நாலு கதவு. கீழ் இரண்டையும் சாத்தினால் தெருப்பார்வை மறையும். மேல் இரண்டும் திறந்தே கிடக்கும். நாலையும் திறந்தால் நிலையின் முழு அகலத்துக்கும் காற்று வரும். இழுத்துத் திறக்கும் அலுமினிய யன்னலில் எப்போதும் பாதிதான் திறக்கும், மற்றப் பாதி கண்ணாடி. சாதாரண ஒற்றைக் கண்ணாடி, தன்மேல் விழும் வெயிலின் வெப்பத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் உள்ளே விடும். மரக்கதவு அந்த வெயிலை வெளியிலேயே மறித்துவிடும். கச்சான் வீசும் மாதங்களில், பகல் வெப்பம் 35 பாகையைத் தொடும்போது, இந்த வித்தியாசம் உடம்பிலேயே தெரியும்.

இரட்டைக் கண்ணாடி யன்னல் குளிர்நாட்டுக்காரர் அறைச்சூட்டைக் காப்பாற்றக் கண்ட வழி. அங்கும்கூடப் பழையதைப் பிடுங்குவதுதான் ஒரே வழி என்று யாரும் முடிவுகட்டவில்லை. கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகம் ஸ்கொட்லாந்தின் பழைய யன்னல்களைச் சோதித்தது; 2008 இல் வந்த அந்த அறிக்கையின்படி, உட்புற மரக்கதவைச் சாத்தியதிலேயே கண்ணாடி வழியாகப் போகும் வெப்பம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

ஏசி போடுகிறோம், அதற்குக் கண்ணாடி வேண்டுமே என்பார்கள். சீலிங் இல்லாத ஓட்டு வீட்டில் குளிர்காற்று ஓட்டிடுக்கு வழியாகவே போய்விடும்; யன்னலை மட்டும் அடைத்து என்ன பயன்? ஓட்டை இறக்கிவிட்டு அஸ்பெஸ்டஸ் போட்ட வீடுகளில் சூடு மேலிருந்துதான் இறங்குகிறது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது கூரையை. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் நின்றதையும் மறந்துவிடக் கூடாது. காற்று வர வழியில்லாத வீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்த இரவுகளைக் கழிப்பது எப்படி?

நுளம்புப் பிரச்சினை உண்மையானது. 2017 இல் கிண்ணியாவைக் கலங்கடித்த டெங்கை அறிந்த எவரும் யன்னலைச் சும்மா திறந்து வையுங்கள் என்று சொல்ல மாட்டார்கள். அதற்குக் கழற்றிப் பூட்டக்கூடிய மெல்லிய மரச்சட்டத்தில் வலை அடித்து உட்பக்கம் பொருத்தலாம். வலை காற்றைக் கொஞ்சம் தடுக்கும்தான், ஆனால் கண்ணாடியைப் போல அடைக்காது. மாரிக் காலம் கழிந்ததும் கழற்றிக் கழுவவும் முடியும்.

பழைய யன்னலில் முதலில் உக்குவது அடிச்சட்டம். மழைத்தண்ணீர் தேங்குவது அங்கேதான். அந்த நாலு விரற்கடைக்காக முழுயன்னலையும் எறிவது எங்களுக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. உக்கிய பகுதியை மட்டும் சரிவாக வெட்டி, அதே இனப் பலகையில் துண்டு இணைத்து, பிணைச்சலை மாற்றி, எண்ணெய் பூசினால் மீண்டும் நெடுங்காலம் நிற்கும். இந்தக் கதவுகள் முதிரை, பாலை, சவண்டலை போன்ற வைரம் பாய்ந்த மரங்களால் ஆனவை. சவண்டலையை ஆங்கிலேய மரவணிகர் 'திருகோணமலை மரம்' என்றே அழைத்து, சென்னையின் மசூலாப் படகுகளுக்கும் கொண்டுபோனார்கள். இன்று அதே தரத்தில் பலகை வாங்கப் போனால் விலை மலைக்க வைக்கும். அலுமினியத்தையோ உப்புக்காற்று விட்டுவைப்பதில்லை. திருகாணியும் உருளையும் துருப்பிடித்து இறுகிக்கொள்ளும்.

1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் கோட்டைகளையும் பிரகடனம் செய்யப்பட்ட கட்டடங்களையும் காக்கிறது. எங்கள் விறாந்தை வீடுகள் பெரும்பாலும் அதற்குள் வருவதில்லை. ஆகவே முடிவு வீட்டுக்காரர் கையில்தான்.

வீடு திருத்த உதவும் அரச, தொண்டு நிறுவனங்கள் பழைய யன்னலைப் பழுதுபார்க்கும் செலவையும் உதவித்தொகையில் சேர்க்க வேண்டும். புதிது போட்டால்தான் பணம் என்ற நிபந்தனை கூடாது. குச்சவெளிப் பிரதேச சபை தச்சு வேலை தெரிந்த மூத்தவர்களிடம் இளையோர் பழக ஏற்பாடு செய்ய வேண்டும். நோயாளிக்கோ முதியவருக்கோ ஏசி கட்டாயம் தேவைப்படும் வீட்டில், அந்த ஓர் அறைக்கு மட்டும் சீலிங் அடித்து, யன்னலின் உட்புறம் கழற்றக்கூடிய கண்ணாடிச் சட்டம் வைப்பதை நாங்கள் ஆதரிக்கிறோம். வெளி மரக்கதவு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.