திரும்பி வரும் படகு யார் கையில்?

‘தீவு’, ‘தனிமை’, ‘அமைதி’. இந்த மூன்று சொற்களையும் நம் இளம் எழுத்தாளர்கள் ஓராண்டுக்குத் தொடாமல் இருந்தால் மலேசியத் தமிழுக்கு நட்டம் ஒன்றும் வந்துவிடாது. பயணக் கட்டுரை என்ற பெயரில் அண்மையில் நான் வாசித்தவற்றில் பாதி, ஏதோ ஒரு சின்னத் தீவின் கடற்கரை விடுதியில் எழுதியவர் மூன்று நாள் படுத்துக் கிடந்த கதை. கைப்பேசிக்கு லைன் கிடைக்காது. கடல் பச்சையாகவும் நீலமாகவும் இருக்கும். நான்காம் பத்தியில் அவர் தன்னைக் கண்டடைவார். ஐந்தாம் பத்தியில் படகு வந்துவிடும்.

பொறாமையில் சொல்லவில்லை. நானும் போனவன்தான். சென்ற ஜூன் மாதம் அலுவலக நண்பர்களோடு திரெங்கானுவுக்குக் காரில் போய், மெராங் படகுத்துறையில் படகு ஏறினேன். தீவின் பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும், வேண்டாம். இரண்டாம் நாள் சாப்பிட்டுவிட்டு நான்கு மணிநேரம் தூங்கினேன். பல்கலைக்கழகம் முடித்து வேலைக்குச் சேர்ந்த பிறகு பகலில் அப்படித் தூங்கியதே இல்லை. அந்தத் தூக்கத்தைப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் நான் பொறியாளன். எழுந்ததும் காதில் விழுந்தது அலை இல்லை, ஜெனரேட்டர். சத்தம் வந்த வழியே விடுதியின் பின்பக்கம் போனேன். டீசல் பீப்பாய்கள், தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்க் குழாய்கள், அவற்றை ஒட்டிப் பலகை அறைகள். வாசலில் நான்கைந்து பேரின் சீருடைகள் காய்ந்துகொண்டிருந்தன. வங்காளதேசப் பையன் ஒருவன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். எத்தனை நாள் தங்கப்போகிறேன் என்று மலாயில் கேட்டான். மூன்று நாள் என்றேன். நீ எவ்வளவு நாள் என்று திருப்பிக் கேட்டேன். “மழைக்காலம் வந்து விடுதியை மூடும்வரை” என்றான். எனக்கும் அவனுக்கும் ஒரே கடல்தான், ஒரே மணல்தான். நான் அதைத் தனிமை என்று எழுதலாம். அவன் என்ன சொல்லி எழுதுவான்?

தனிமை தீவின் குணம் இல்லை. திரும்பி வரும் படகு நம் கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருந்தால் அது ஓய்வு. இல்லாவிட்டால் அதற்கு வேறு பெயர்கள் உண்டு.

மெராங் கரையில் நின்று பார்த்தாலே பீடோங் தீவு தெரியும். பரப்பளவு ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர். தென்னை, வெள்ளை மணல், தெளிந்த தண்ணீர் என்று விடுதி விளம்பரத்துக்கு வேண்டிய எல்லாமே அங்கே உண்டு. 1978-இல் வியட்நாமியப் படகு அகதிகளுக்கான முகாமாக அது திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அந்தத் துண்டு நிலத்தில் ஏறத்தாழ 40,000 பேர் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தார்கள். 1991-இல் முகாம் மூடப்படும்வரை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏதாவது ஒரு நாடு ‘வா’ என்று சொல்லட்டும் என்று அங்கே காத்திருந்தார்கள். அவர்கள் பார்த்ததும் நாம் படம் பிடிக்கும் அதே சூரிய உதயத்தைத்தான்.

அது வேறு யாருடைய கதையோ என்பவர்களுக்கு ஜெரெஜாக் இருக்கிறது. பினாங்குப் பாலத்தில் போகும்போது கண்ணில் படும் தீவு அது. அங்கே முதலில் தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்தார்கள். பிறகு கப்பலில் வந்தவர்களைத் தடுத்து வைக்கும் நோய்த்தடுப்பு முகாம் வந்தது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் தோட்ட வேலைக்கு வந்த நம் ஆட்கள் பினாங்கில் கால் வைப்பதற்கு முன் இந்தத் தீவில் இறக்கப்பட்டார்கள். 1969-இல் அது சிறையானது. ‘மலேசியாவின் அல்காட்ராஸ்’ என்று பெயர் வாங்கி 1993-இல் மூடப்பட்டது. 2004-இல் அதே தீவில் என்ன திறந்தார்கள் தெரியுமா? மழைக்காட்டு உல்லாச விடுதி.

நோயாளிக்கும் கூலிக்கும் கைதிக்கும் எந்தக் குணத்துக்காக அந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தார்களோ, அதே குணத்தைத்தான் பிறகு சுற்றுப்பயணிக்கு விற்றார்கள். சுற்றிலும் தண்ணீர். சுலபத்தில் யாரும் வர முடியாது, சுலபத்தில் யாரும் போகவும் முடியாது.

என் பாட்டியின் அப்பா கப்பலில் வந்தவர். பாட்டி அந்தக் கதையை இரண்டே வரியில் முடித்துவிடுவார். “தீவுல இறக்கி ஏழு நாளு வச்சாங்களாம். கட்டியிருந்த துணியெல்லாம் வாங்கி ஆவில வேக வச்சாங்களாம்.” கடல் என்ன நிறத்தில் இருந்தது என்று அவர் சொன்னதே இல்லை.

இதற்கு வரும் பதில் எனக்குத் தெரியும். “எப்பப் பார்த்தாலும் தோட்டம், கப்பல், கண்ணீர். எங்களுக்குச் சந்தோஷமா எழுதவே உரிமையில்லையா?” நியாயமான கேள்வி. பால்மரத்தைக் கட்டிப்பிடித்து அழும் கதைகளை வாசித்து எனக்கும் அலுத்துவிட்டது. துக்கம் எழுதினால்தான் இலக்கியம் என்று யாராவது சொன்னால் அவரோடும் சண்டை போடுவேன். சந்தோஷத்தை எழுதுங்கள். ஆனால் நீங்கள் எழுதுவது சந்தோஷத்தை இல்லை, விடுதியின் பில்லை. அறையின் ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதெல்லாம் வருகிறது. படுக்கை விரிப்பை மாற்றியவர் ஒரு வரியில்கூட வருவதில்லை. அவர் வந்தால் அமைதி கெட்டுப்போகும் என்று பயமா?

நான் வளர்ந்தது கம்போங் மேடானில். 2001 மார்ச்சில் இங்கே கலவரம் நடந்து 6 பேர் இறந்தபோது எனக்கு ஐந்து வயது. அம்மா கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, என்னையும் அக்காவையும் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்தது நினைவிருக்கிறது. கூப்பிடு தூரத்தில் ஜாலான் கிளாங் லாமாவில் பேருந்துகள் ஓடும் ஊர் சில நாள் தீவாகிவிட்டது. அவ்வளவு அமைதியை நான் பிறகு எந்தக் கடற்கரையிலும் கேட்டதில்லை. அதை யாரும் ஓய்வு என்று சொல்லவில்லை.

அம்மா ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்கிறார். பதினேழு வருடமாக அதே கட்டடம், அதே மாடிகள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் ஓய்வை ரசனையாகப் பார்ப்பதில்லை, எண்ணாகப் பார்க்கிறது. இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு வருடம் 8 நாள் சம்பள விடுப்பு. அதிலிருந்து ஐந்து ஆண்டு வரை 12 நாள். அதற்கு மேல் 16 நாள். கணக்குப்படி அம்மாவுக்கு 16 நாள் வர வேண்டும். ஆனால் குத்தகை எடுக்கும் நிறுவனம் சில ஆண்டுக்கு ஒருமுறை மாறுகிறது. ஒவ்வொரு முறையும் புதுக் கடிதம் கொடுத்து அம்மாவைப் புதிதாகச் சேர்ந்தவராக்கிவிடுகிறார்கள். பதினேழு வருடத்தில் ஐந்து முறை கை மாறியாயிற்று. பாதிக்கு மேற்பட்ட வருடங்கள் அதே எட்டு நாளில்தான் போயிருக்கின்றன. அதிலும் பாதி நாள் ஆஸ்பத்திரிக்கு, மீதி இழவு வீடுகளுக்கு.

தீவிலிருந்து திரும்பியதும் படங்களைக் காட்டினேன். ‘அடுத்த வருசம் உங்களையும் கூட்டிட்டுப் போறேம்மா’ என்றேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். கடலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குளியலறைப் படம் வந்ததும் கையை நிறுத்தி, “நல்லா வச்சிருக்காங்க. யாருடா கழுவுறது?” என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ஜெனரேட்டரைத் தேடிப் போனவன் அதைக் கேட்காமல் வந்துவிட்டேன்.

தீவுக்குப் போகாதீர்கள் என்று சொல்ல நான் யார்? போங்கள், நன்றாகத் தூங்குங்கள். எழுத உட்காரும்போது மட்டும் அம்மா கேட்ட கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு ஓய்வு கொடுத்தவருக்கு எத்தனை நாள் விடுப்பு, அவர் கரைக்குத் திரும்பும் படகு எப்போது, அதை முடிவு செய்பவர் யார். இவ்வளவும் தெரிந்த பிறகும் கடலின் நீலம் எழுதத் தகுந்ததாக இருந்தால் அது நல்ல வரியாகத்தான் இருக்கும். நானே முதலில் வாசிப்பேன்.

அம்மாவுக்கு இந்த வருடக் கணக்கில் இன்னும் இரண்டு நாள் பாக்கி இருக்கிறது. எங்கே போகலாம் என்று கேட்டேன். “எங்கயும் வேணாம். வீட்டுல படுத்துக் கெடக்கணும்” என்றார்.