கடல் கடந்த தமிழ் இதழ்கள்: வேலியா, வாயிலா?

பல்லின மக்கள் கூடி வாழும் நாட்டில் ஓர் இனத்தார் தம் மொழியில் தமக்கென இதழ் நடத்துவது தேவைதானா என்னும் வினா அவ்வப்போது எழுகிறது. அத்தகைய இதழ் மக்களைப் பிரித்து நிறுத்தும் வேலி என்பார் உளர். அது பொதுவாழ்வுக்குள் நுழைவிக்கும் வாயில் என்பதே நம் கருத்து. நம் செட்டிநாட்டு நகரத்தாரும் தமிழ் முஸ்லிம் வணிகரும் பொருள் தேடிச் சென்ற சிங்கப்பூர், மலாயா நாடுகளின் இதழ் வரலாறே இதற்குச் சான்றாகும்.

1887ஆம் ஆண்டு சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' என்னும் கிழமை இதழ் தோன்றியது. அதன் ஆசிரியர் சி. கு. மகுதூம் சாயபு. அவர் தம் இதழைத் தம் சமயத்தார்க்கு மட்டும் உரியதாக ஆக்கிக்கொள்ளவில்லை. உள்ளூர்ச் செய்தியும் அயல்நாட்டுச் செய்தியும் வாசகர் மடல்களும் அதில் இடம்பெற்றன. 1888இல் அவர் எழுதிய 'விநோத சம்பாஷணை' சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதையின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. 1890இல் இதழ் நின்றது. அது காட்டிய வழி நிற்கவில்லை.

1935இல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முர‌சு' இதழைத் தொடங்கினார். சீனப் பெண்மணியை மணந்த அவருக்குப் பல்லின வாழ்வு ஏட்டுச் சுரைக்காய் அன்று, இல்லத்து நடப்பு. தமிழரிடையே நிலவிய சாதி வேற்றுமையை அவ்விதழ் அஞ்சாது கண்டித்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இடம்பெற வேண்டுமெனப் போராடியது. அதே இதழ்தான் 1950களில், வாழும் நாட்டின் குடியுரிமையைப் பெறுமாறு தமிழரைத் தூண்டியது. தாய்மொழி இதழ் ஒன்று தன் வாசகரைப் புதிய நாட்டின் குடிமக்களாக ஆக்கப் பாடுபட்டது என்பது ஈண்டு எண்ணத்தக்கது. இதனை வேலி என்பது எங்ஙனம் பொருந்தும்?

இப்பணியில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. கோனாபட்டில் பிறந்து, புதுக்கோட்டையில் 'பொன்னி' இதழை நடத்திய முருகு சுப்பிரமணியன், கடல் கடந்து 'தமிழ் முரசு', 'தமிழ் நேசன்' இதழ்களில் பணியாற்றினார். 1924இல் கோலாலம்பூரில் தோன்றிய அந்தத் 'தமிழ் நேசன்' 2019 பிப்ரவரியில் நின்றுபோனது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பேசிய நா ஓய்ந்தது.

இவ்வரலாறு நமக்கு இரண்டு கடமைகளை உணர்த்துகிறது. திருமணச் செய்தி, பாராட்டு விழா, இரங்கற்குறிப்பு என்ற அளவில் நின்றுவிடும் சமுதாய இதழ்கள் நம்மிடையே மிகுதி. தன் வீட்டுக் குறையைச் சுட்டவும், அண்டை வீட்டார் சிறப்பை எடுத்துரைக்கவும் துணியாத இதழ் உண்மையிலேயே வேலியாகிவிடும். இதழ் நடத்துவோர் இதனை மனங்கொள்ள வேண்டும். இது முதற்கடமை.

மற்றொன்று, பழைய இதழ்களைப் பேணுதல். காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் தனியொருவர் தம் வாழ்நாளெல்லாம் நூல்களையும் இதழ்களையும் திரட்டினார். 1992இல் அவர் மறைந்த பின், அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலை கொடுத்து வாங்கியது. இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக அது விளங்குகிறது. அயலார் மதிப்பறிந்து வாங்கியதை நாம் எடைக்குப் போடலாமா?

மாணவச் செல்வங்களே! மலாயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் திரும்பியோர் கொணர்ந்த பெட்டிகள் உங்கள் இல்லப் பரண்களில் இன்னும் இருக்கக்கூடும். அவற்றில் ஓர் இதழ் கிடைப்பினும் தூசி தட்டித் துறைக்குக் கொண்டு வாருங்கள். அது வெறும் பழந்தாளன்று. வேற்று மண்ணில் தலைநிமிர்ந்து வாழ நம் முன்னோர் திறந்த வாயில்.