கையாலாகாதவனா கிளிட்டோ?

நார்மண்டி இளவரசன் வில்லியம் கிளிட்டோ கையாலாகாதவன், கிடைத்ததையெல்லாம் கோட்டைவிட்டவன் என்கிறார் கட்டுரையாளர். என்ன கிடைத்தது அவனுக்கு? 1106இல் டான்ஷ்ப்ரே போரில் தந்தை ராபர்ட் சிறைப்பட்டபோது பிள்ளைக்கு நான்கு வயதுகூட நிறையவில்லை. சிறைவைத்தவர் சொந்தச் சித்தப்பா, இங்கிலாந்து அரசர் முதலாம் ஹென்றி. பிறகு பையனையும் பிடிக்க ஆளனுப்பினார். அக்காள் கணவர் ஹெலியாஸ் தன் கோட்டையையே இழந்து அவனைக் காப்பாற்றினார்.

கல்யாணக் கதையைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. அன்ஷூ பிரபுவின் மகள் சிபில்லாவை அவன் மணந்ததும், நெருங்கிய இரத்த உறவு என்று வாதாடி, 1124இல் திருச்சபை மூலம் மணத்தை ஹென்றி முறித்தார். அதே பிரபுவின் இன்னொரு மகளை 1119இல் தம் மகனுக்குக் கட்டிவைத்தவரும் இதே ஹென்றிதான்! அப்போது இரத்த உறவு கண்ணில் படவில்லை போலும்.

பின்னர் ஃபிளாண்டர்ஸின் பிரபுவானபோது அங்கே சறுக்கினான், மறுக்கவில்லை. நகரத்தாருக்குக் கொடுத்த சுங்கச் சலுகையில் வாக்குத் தவறினான், அவர்கள் அவனுக்கு எதிராகத் திரும்பிவிட்டார்கள். ஆனாலும் 1128 ஜூனில் ஆக்ஸ்போலே களத்தில் போட்டியாளர் தியெரியைத் தோற்கடித்தவன் அவன்தான். அடுத்த மாதம் ஆல்ஸ்ட் முற்றுகையில் கையில் பட்ட காயம் புரையோடிச் செத்தான். வயது 25. சிறையிலிருந்த தந்தை அதற்குப் பிறகும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்தார்.