அரக்கு முத்திரை உடையுமா?

"நாம் பார்ப்பதை எல்லாம் இன்டர்நெட் கம்பெனிக்காரன் படிக்கிறானாமே!" என்று பலர் பயப்படுகிறார்கள்.

பாதி பயம் போதும்!

தளத்தின் முகவரி 'எச்.டி.டி.பி.எஸ்.' என்று தொடங்குகிறதா? அப்படியானால் நீங்கள் அனுப்புவது அரக்கு முத்திரை வைத்த தபால் மாதிரி. வழியில் இருக்கும் கம்பெனியால் அதைப் பிரித்துப் படிக்க முடியாது. பாங்கிக் கணக்கின் ரகசிய எண்ணும் தெரியாது.

உறையின் மேல் உள்ள விலாசம்? அது பெரும்பாலும் தெரியும்!

நள்ளிரவில் ஒருவர் புற்றுநோய் ஆஸ்பத்திரியின் தளத்தைத் திறக்கிறார். எந்தப் பக்கத்தைப் படித்தார் என்று கம்பெனிக்குத் தெரியாது. எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணி என்பது தெரியும். வீட்டில் என்ன கவலை என்று ஊகிக்க இது போதாதா? இதைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

கள்ள முத்திரையும் உண்டு. கஜகஸ்தான் நாட்டில், 2019 ஜூலையில், அரசாங்கச் சான்றிதழ் ஒன்றைப் போனில் ஏற்றிக்கொள்ளும்படி சந்தாதாரர்களுக்குக் கம்பெனிகள் சொல்லின. ஏற்றினால், நடுவழியில் உறையைப் பிரித்துப் படித்து, வேறு முத்திரை குத்தி அனுப்பலாம். போன் அதையும் நம்பிவிடும்! பணம் கட்டுகிறவரிடமே இப்படிக் கேட்பது என்ன நியாயம்?

ஆகஸ்டு மாதம் கூகுள், ஆப்பிள், மோசில்லா மூன்றும் அந்தச் சான்றிதழை ஏற்க மறுத்துவிட்டன.