'ஓகே' அழுத்தும் முன் ஒரு நிமிடம்!



மூன்று வருடம் படித்து முடித்து நாம் வெளியே போகும்போது நம் கையில் என்ன இருக்கும்? ஒரு டிப்ளமோ சான்றிதழ் இருக்கும். ஒரு மூட்டை ரெக்கார்டு நோட்டு இருக்கும். வேலை கொடுக்கிறவர் இந்த இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு மூன்றாவதாக ஒன்றைக் கேட்பார். "தம்பி, பழுது வந்தா கண்டுபிடிப்பியா?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நம் லேப் நமக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதுதான் என் கருத்து. கோபித்துக்கொள்ளாமல் முழுவதும் படியுங்கள்.

பொத்தாம்பொதுவாகப் பேச வேண்டாம். மெயில் சர்வர் நிறுவும் பயிற்சியையே எடுத்துக்கொள்வோம். ரெக்கார்டில் பத்து ஸ்டெப் இருக்கும். செட்டப்பை ஓட்டு, நெக்ஸ்ட் அழுத்து, டொமைன் பெயர் கொடு, ஃபினிஷ் அழுத்து, ரிசல்ட் எழுது. ஆனால் நிஜத்தில் நாலாவது ஸ்டெப்பிலேயே 'கோப்பை நகலெடுக்க முடியவில்லை' என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். அந்தப் பெட்டிக்கு ரெக்கார்டில் பக்கமே கிடையாது! உடனே என்ன நடக்கிறது? ஒருத்தன் 'ஓகே' அழுத்துகிறான். இன்னொருத்தன் 'இக்னோர்' அழுத்துகிறான். மூன்றாமவன், "ஃபார்மட் அடிச்சிடுடா, எல்லாம் சரியாயிடும்" என்கிறான். நாலாமவன் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரிசல்ட்டை எழுதி முடித்துவிடுகிறான். அந்தப் பெட்டி என்ன சொன்னது என்று யாரும் படிப்பதில்லை.

சற்றே சிந்தித்துப் பாருங்கள். நகலெடுப்பது என்றால் என்ன? ஓர் இடத்திலிருந்து எடுத்து இன்னோர் இடத்தில் வைப்பது. அது நின்றுபோனால் கேட்க வேண்டிய கேள்விகள் நாலே நாலுதான்.

முதல் கேள்வி: எடுக்கிற இடம் சரியா? இறக்கிய கோப்பு பாதியில் அறுந்திருக்கலாம், பென்டிரைவ் கெட்டிருக்கலாம். விண்டோஸில் 23 என்ற பிழை எண் வந்தால், படித்த தகவல் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். எஸ்.எச்.ஏ.-256 என்ற கணக்குப் போட்டால் 64 எழுத்தும் இலக்கமும் கொண்ட ஒரு கைரேகை கிடைக்கும். மென்பொருள் தந்தவர் வெளியிட்ட கைரேகையோடு அது ஒத்துப்போகவில்லை என்றால் கோப்பு கெட்டது, மறுபடி இறக்க வேண்டியதுதான். இன்னொன்றும் உண்டு. 32 ஜி.பி. பென்டிரைவ் காலியாகவே இருக்கும், ஆனாலும் பெரிய ஐ.எஸ்.ஓ. கோப்பு அதில் ஏறாது. காரணம், பென்டிரைவ் ஃபேட்-32 முறையில் இருக்கும். அந்த முறையில் 4 ஜி.பி.யைத் தொடும் தனிக்கோப்புக்கு இடமில்லை. பென்டிரைவைத் திட்டி என்ன பயன்?

இரண்டாவது கேள்வி: வைக்கிற இடம் சரியா? டி டிரைவில்தானே நிறுவுகிறோம் என்று நினைப்போம். செட்டப்போ முதலில் சி டிரைவில் உள்ள தற்காலிக ஃபோல்டரில் பிரித்துப் போடும். சி நிரம்பியிருந்தால் 112 என்ற எண் வரும், இடமில்லை என்று அர்த்தம். ஃபோல்டருக்குள் ஃபோல்டராக வைத்துப் பாதை 260 எழுத்தைத் தாண்டினாலும் பல செட்டப்கள் திணறும். லினக்ஸில் இன்னும் விசித்திரம். வட்டில் பாதி காலியாக இருக்கும்போதே 'இடமில்லை' என்று சொல்லும். ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்று ஒரு பதிவு வேண்டும், அந்த எண்ணிக்கை தீர்ந்திருக்கும். மெயில்டிர் முறையில் ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பு. அதனால் மெயில் சர்வரில் இது வரவே செய்யும். 'டிஎஃப்' கட்டளையோடு 'ஐ' சேர்த்துப் போட்டால் குட்டு வெளிப்படும்.

மூன்றாவது கேள்வி: வைக்க நமக்கு உரிமை இருக்கா? விண்டோஸில் 5 என்றால் அனுமதி மறுப்பு. லினக்ஸிலோ 5 என்பது வட்டைப் படிப்பதில், எழுதுவதில் வந்த கோளாறு. அங்கே அனுமதி மறுப்புக்கு எண் 13. ஒரே 5, இரண்டு ஊரில் இரண்டு அர்த்தம்! எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தால் மாட்டிக்கொள்வோம். போஸ்ட்ஃபிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து மெஷினிலிருந்து கோப்புகளைச் சும்மா இழுத்துப் போட்டால், கோப்பு எல்லாம் வந்துவிடும். எந்தக் கோப்பு எந்தக் குழுவுக்குச் சொந்தம் என்ற விவரம் வராது. 'மெயில்டிராப்' ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லை என்று கடிதம் அனுப்பும்போதுதான் தகராறு தெரியும். அதைச் சரிசெய்ய 'போஸ்ட்ஃபிக்ஸ் செட்-பெர்மிஷன்ஸ்' என்ற கட்டளை தயாராகவே இருக்கிறது. ஃபார்மட் எதற்கு?

நாலாவது கேள்வி: வேறு யாராவது பிடிச்சுக்கிட்டு இருக்காங்களா? விண்டோஸில் 32 என்றால், அந்தக் கோப்பை வேறு புரோகிராம் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. எங்கள் பேட்ச் லேபிலேயே ஒரு நாள் இது நடந்தது. மெயில் சர்வர் செட்டப் ஒரே இடத்தில் மூன்று தடவை நின்றது. ஃபார்மட் சிடி தேடிக் கிளம்பிவிட்டார்கள். ஒரு தோழி மட்டும் பெட்டியில் இருந்ததை வாய்விட்டுப் படித்தாள், சர்வீசஸ் பட்டியலைத் திறந்தாள். போன பேட்ச் நிறுவிய பழைய மெயில் சர்வர் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு 'ரீட்ரை' அழுத்தினாள், போய்விட்டது. ஒரே நிமிட வேலை! சில நேரம் ஆன்ட்டிவைரஸும் இப்படிக் கோப்பைப் பிடித்துவைக்கும். அதற்காக அதைத் தூக்கி எறியக் கூடாது, எந்த ஃபோல்டர்களை விலக்க வேண்டும் என்று மென்பொருள் தந்தவரே சொல்லியிருப்பார்.

பெட்டியில் விஷயம் போதவில்லை என்றால் லாக் கோப்பு இருக்கிறது. பெட்டி தலைப்புச் செய்தி மாதிரி, லாக்தான் முழுச் செய்தி. விண்டோஸ் இன்ஸ்டாலரின் லாக்கில் 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்று தேடி, அதற்கு மேலே உள்ள சில வரிகளைப் படித்தால் பெரும்பாலும் குற்றவாளி அங்கேயே நிற்பான்.

"கொஞ்சம் கோப்பு விட்டுப்போனா என்ன, இக்னோர் அடிச்சா ஓடுதே" என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு நிஜக் கதை. 2021 மார்ச் 2 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வருக்கு அவசரப் பாதுகாப்புத் திருத்தம் வெளியிட்டது. தாக்குதல்காரர்கள் அந்த ஓட்டை வழியே ஏற்கெனவே சர்வர்களுக்குள் புகுந்துகொண்டிருந்தார்கள். அந்தத் திருத்தத்தோடு ஓர் எச்சரிக்கையும் இருந்தது. நிர்வாகி உரிமை இல்லாமல் கோப்பை இரட்டைச் சொடுக்கில் ஓட்டினால் சில கோப்புகள் சரியாகப் புதுப்பிக்கப்படாது, ஆனால் பிழைச்செய்தி எதுவும் வராது! வெப் மெயில் நின்றுபோகலாம். நிறுவியவரோ வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போயிருப்பார். யோசித்துப் பாருங்கள், பிழைப்பெட்டி வருவது தொல்லையா, வரம்தானே? அது வாய்திறந்து சொல்லும்போது நாம் காதைப் பொத்திக்கொண்டு 'ஓகே' அழுத்தினால், எச்சரிக்கை இல்லாத நிலைமையை நாமே உண்டாக்குகிறோம்.

லேப் மெஷினை ஃபார்மட் அடித்தால் நஷ்டம் அரை நாள். நாளைக்கு ஒரு கம்பெனி சர்வரில் அதே கையைக் காட்டினால்? அங்கே நூறு பேருடைய கடிதங்கள் இருக்கும். ஆர்டர், பில், ஒருவருடைய வேலை உத்தரவு. அவ்வளவும் போகும். பழி யார் மேல் விழும்? புதிதாகச் சேர்ந்த டிப்ளமோ பையன் மேல்தான்!

என் அப்பா பள்ளிக்கூடம் தாண்டாதவர். கிணற்று மோட்டார் ரிப்பேருக்குக் கூட்டாளியாகப் போகிறவர். தண்ணீர் ஏறவில்லை என்று யாராவது கூப்பிட்டால், "மோட்டாரை மாத்து" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. முதலில் ஃபியூஸ், மூன்று ஃபேஸும் வருகிறதா, பிறகு ஃபுட் வால்வு தண்ணீரை நிறுத்துகிறதா, குழாயில் காற்று இழுக்கிறதா என்று வரிசையாகப் பார்ப்பார். கடைசியில்தான் மோட்டாரைக் கழற்றுவார். "எதை எதைப் பார்த்துட்டோம்னு தெரிஞ்சாத்தான்டா எதைப் பார்க்கலேன்னு தெரியும்" என்பார். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். படிக்காத அப்பாவிடம் இருக்கும் வரிசை, படித்தவன் லேபில் இல்லை என்றால் அது நியாயமா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

இன்னொரு விஷயத்தையும் மனம்விட்டுப் பேசுவோம். நம்மில் பலர் தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்கள். ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிய பெட்டி வந்ததும் ஒரு பதற்றம். பக்கத்தில் நிற்பவன் பார்ப்பதற்குள் அதை மூடிவிட வேண்டும் என்று கை பறக்கிறது. அதில் அறிவுக் குறைவு ஒன்றும் இல்லை, கூச்சம்தான் இருக்கிறது. பிழைச்செய்தியின் ஆங்கிலம் ஷேக்ஸ்பியர் ஆங்கிலம் இல்லை, தோழர்களே! அனுமதி, பாதை, வட்டு, இடம், பயன்பாட்டில் உள்ளது என்று ஒரு முப்பது நாற்பது சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அவற்றை எழுதிவைத்துக்கொண்டால் ஒரு செமஸ்டரில் பழகிவிடும்.

எதிர்வாதமும் உண்டு. "மூணு மணி நேர லேபில் முப்பது பேர். எக்ஸ்பெரிமென்ட் முடிக்கவே நேரமில்லை. இதில் பழுது வேறயா?" என்று ஆசிரியர்கள் கேட்கலாம். அவர்கள் சிரமம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பத்து எக்ஸ்பெரிமென்ட்டை ஓட்டமாக முடித்துப் பத்தையும் மறப்பதைவிட, எட்டை முடித்து இரண்டு பழுதைக் கண்டுபிடிப்பது மேல். "இப்போ மெயில் எல்லாம் கிளவுடில் இருக்கு, யார் சர்வர் நிறுவப் போறா?" என்றும் சிலர் கேட்பார்கள். கிளவுடும் யாரோ ஒருவருடைய சர்வர்தானே? அதை நிறுவி, திருத்தம் போட்டு, காவல் காப்பவர்களும் நம்மைப் போன்றவர்கள்தானே? மேலும் அந்த நாலு கேள்வி மெயில் சர்வருக்கு மட்டும் இல்லை. டேட்டாபேஸ் நிறுவினாலும், ஆபீஸில் பிரின்டர் டிரைவர் போட்டாலும் அதே நாலு கேள்விதான்.

ஆகவே மூன்று கோரிக்கைகள். ஒன்று, ரெக்கார்டில் ஒவ்வொரு எக்ஸ்பெரிமென்ட்டுக்கும் பின்னால் 'வந்த பிழை, காரணம், தீர்வு' என்று ஒரு பக்கம் வேண்டும். அதற்கு மார்க்கும் வேண்டும். பிழை வந்ததை மறைத்தவனைவிட எழுதியவனுக்கு மதிப்பு கூடட்டும். இரண்டு, செமஸ்டருக்கு ஒரு நாளாவது ஆசிரியரே வேண்டுமென்று பழுது வைக்கட்டும். ஒரு ஃபோல்டரின் அனுமதியை எடுத்துவிடட்டும், ஒரு வட்டை நிரப்பி வைக்கட்டும். நாங்கள் தேடிக் கண்டுபிடிக்கிறோம். மூன்றாவதற்கு யாரையும் எதிர்பார்க்க வேண்டாம், நம் சங்கமே செய்யலாம். லேபில் ஒரு பெரிய நோட்டு, அதன் பெயர் பழுதுப் பதிவேடு. பெட்டியில் வந்த வாசகத்தை எழுத்துப் பிசகாமல் எழுதி, தேதி போட்டு, எப்படித் தீர்ந்தது என்று கீழே எழுதுவோம். நமக்குப் பின்னால் வரும் ஜூனியர் தம்பி தங்கைகளுக்கு நாம் விட்டுப்போகும் சொத்து அதுவாக இருக்கட்டும்.

நோட்டு வாங்க ஆகும் செலவு ஒரு டீ செலவுக்கு மேல் போகாது. வரும் திங்கட்கிழமை வகுப்புப் பிரதிநிதிகள் கூடிப் பேசி, துறைத் தலைவரிடம் அனுமதி கேட்போம். வாருங்கள் தோழர்களே! பெட்டியை மூடுவதற்கு முன் படிப்போம்!