கார்டு போச்சா? பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்!

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்.

அப்பாவுக்குத் தனியார் கம்பெனியில் வேலை. அம்மா வீட்டில் தையல் எந்திரம் ஓட்டுகிறார். மகன் கல்லூரியில் கட்டடக் கலை படிக்கிறான்.

மகனுக்கு ஒரு லேப்டாப் தேவைப்பட்டது. சாதாரண லேப்டாப் போதாது. வீடு, மாடி, மண்டபம் எல்லாவற்றையும் திரையில் நிஜம் போல் வரைய வேண்டும். அதற்குத் தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் வேண்டும். அதன் விலை அதிகம்.

அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போயிற்று. மீதிப் பணத்துக்கு மாதத் தவணை. லேப்டாப் வந்தது.

ஒரு வருஷம் ஓடியது. உத்தரவாதக் காலமும் முடிந்தது. ஒரு நாள் காலையில் மகன் லேப்டாப்பைத் திறந்தான். படம் ஆமை வேகத்தில் நகர்ந்தது. உள்ளே தேடிப் பார்த்தான். கிராபிக்ஸ் கார்டின் பெயரையே காணோம்!

கடைக்கு ஓடினான். கடைக்காரர் பத்து நிமிஷம் பார்த்தார்.

"கார்டு போச்சு தம்பி! மதர்போர்டையே மாற்ற வேண்டும்" என்றார். செலவையும் சொன்னார். அப்பாவுக்குத் தலை சுற்றியது. அம்மா அடுத்த வளையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நில்லுங்கள்! வளையலைக் கழற்ற வேண்டாம். "போச்சு" என்ற சொல்லை நம்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

இரண்டு அடுப்பு

கிராபிக்ஸ் கார்டு என்றால் என்ன?

திரையில் தெரியும் படங்களைக் கணக்குப் போட்டு உருவாக்கும் சிப் அது. இப்படிப்பட்ட லேப்டாப்பில் பெரும்பாலும் இரண்டு கிராபிக்ஸ் இருக்கும். ஒன்று, பிராசசருக்கு உள்ளேயே இருக்கும் சிறியது. மற்றொன்று, தனியாக வைத்த பெரியது.

வீட்டில் இரண்டு அடுப்பு இருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். காபி போடச் சின்ன அடுப்பு. விருந்து சமைக்கப் பெரிய அடுப்பு. காபிக்காக யாரும் பெரிய அடுப்பைப் பற்ற வைப்பதில்லை. விறகு வீண்!

லேப்டாப்பும் அப்படித்தான். கடிதம் எழுதவும் சினிமா பார்க்கவும் சின்ன கிராபிக்ஸ் போதும். விளையாட்டு, கட்டட வரைபடம் என்று பெரிய வேலை வந்தால்தான் பெரிய கார்டு விழிக்கும். மற்ற நேரம் அது தூங்கும். பாட்டரி மிச்சமாகும். என்விடியா கம்பெனி இந்த ஏற்பாட்டை 2010ஆம் ஆண்டில் 'ஆப்டிமஸ்' என்ற பெயரில் கொண்டு வந்தது. இன்று பல கம்பெனிகளின் லேப்டாப்களிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு.

பெரிய அடுப்பு எரியவில்லை என்றால், அடுப்பு உடைந்துவிட்டது என்று அர்த்தமா? இல்லை! பற்ற வைக்காமல் இருக்கலாம். யாராவது அணைத்திருக்கலாம். குழாய் மூடியிருக்கலாம். உடைந்தும் இருக்கலாம். எது என்று பார்த்துத்தானே சொல்ல வேண்டும்?

எங்கே பார்ப்பது?

விண்டோஸ் லேப்டாப்பில் 'ஸ்டார்ட்' பொத்தானின் மேல் மவுசின் வலது பக்கத்தை அழுத்துங்கள். ஒரு பட்டியல் வரும். அதில் 'டிவைஸ் மேனேஜர்' என்பதைத் திறந்தால், 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். இரண்டு கிராபிக்சின் பெயரும் அங்கேதான் இருக்க வேண்டும்.

அங்கே தெரிவதைக் கொண்டே நோயைப் பாதி கண்டுபிடித்துவிடலாம்.

இரண்டு பெயரும் ஒழுங்காக இருக்கிறதா? அப்படியானால் கார்டு தூங்குகிறது, அவ்வளவுதான். வரைபட மென்பொருள் சின்ன கிராபிக்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். செட்டிங்சில் 'டிஸ்ப்ளே' என்ற பகுதிக்குள் 'கிராபிக்ஸ்' இருக்கிறது. அங்கே அந்த மென்பொருளுக்கு 'ஹை பெர்பாமன்ஸ்' என்று தேர்ந்தெடுத்தால் பெரிய கார்டு எழுந்துகொள்ளும்.

பெயருக்குப் பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி இருக்கிறதா? யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள். அதன் எண் 22. 'எனேபிள்' என்று அழுத்தினால் தீர்ந்தது.

மஞ்சள் முக்கோணமும் எண் 43ம் இருக்கிறதா? கார்டு தன் குறையைத் தானே சொல்லியதால் விண்டோஸ் அதை நிறுத்தியிருக்கிறது என்று பொருள். டிரைவர் கெட்டிருந்தாலும் 43 வரும். கார்டே கெட்டிருந்தாலும் 43 வரும். ஆகவே இந்த எண்ணை மட்டும் காட்டி "கார்டு போச்சு" என்று யார் சொன்னாலும் ஏற்கக்கூடாது.

'மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருக்கிறதா? அங்கே ஒரு கிராபிக்ஸ் இருப்பது விண்டோசுக்குத் தெரிகிறது. அதனோடு பேசும் டிரைவர்தான் இல்லை.

பெயரே இல்லையா? அப்போதும் பயப்பட வேண்டாம். இனிமேல்தான் பொறுமை வேண்டும்.

காசில்லாத வைத்தியம்

முதலில் பாடங்களையும் படங்களையும் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலாவது, 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். "தினமும் அணைத்துத்தானே வைக்கிறோம்?" என்று கேட்பீர்கள். 2012ல் வந்த விண்டோஸ் 8 முதல் 'பாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. அது இருந்தால், 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. பாதித் தூக்கத்தில் இருக்கும். பழைய கோளாறும் கூடவே தூங்கி, கூடவே எழும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

இரண்டாவது, லேப்டாப்பை அணையுங்கள். சார்ஜரைப் பிடுங்குங்கள். பவர் பொத்தானை அரை நிமிஷம் விடாமல் அழுத்துங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும். பிறகு சார்ஜரை மாட்டி லேப்டாப்பைப் போடுங்கள். சில லேப்டாப்களில் இவ்வளவு செய்தாலே கார்டு திரும்பி வந்துவிடும்.

மூன்றாவது, மிக முக்கியம். சில லேப்டாப்களில் கம்பெனியே ஒரு மென்பொருள் வைத்திருக்கும். அதில் 'ஈகோ' என்றோ வேறு பெயரிலோ பாட்டரியை மிச்சப்படுத்தும் முறை இருக்கும். அதை அழுத்தினால் பெரிய கார்டு அடியோடு அணைந்துவிடும். டிவைஸ் மேனேஜரிலும் பெயர் இருக்காது! கார்டு கெட்டால் எப்படித் தெரியுமோ, அப்படியே தெரியும். அந்த முறையை மாற்றிப் பாருங்கள்.

நான்காவது, டிரைவர். விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது டிரைவரும் மாறிவிடுவது உண்டு. பழைய டிரைவரை நீக்கிவிட்டு, உங்கள் லேப்டாப் மாடலுக்கு உரியதை அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் எடுத்துப் போடுங்கள்.

ஐந்தாவது, பயாஸ். லேப்டாப் விழிக்கும்போது முதலில் ஓடும் சின்ன மென்பொருள் அது. சில மாடல்களில் பெரிய கார்டை அணைக்கவும் போடவும் அதில் ஒரு விசை இருக்கும். ஆனால், பயாசில் கை வைக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். 'பிட்லாக்கர்' என்ற பூட்டு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் அதன் 48 இலக்கச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பயாசை மாற்றியபின் அந்தச் சாவியை லேப்டாப் கேட்கலாம். சாவி இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பாடங்களை மறந்துவிட வேண்டியதுதான்!

கடைசியாக, ஒரு நல்ல பரீட்சை இருக்கிறது. லினக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு, அதிலிருந்தே லேப்டாப்பை ஓட்டலாம். விண்டோசைத் தொட வேண்டியதில்லை. லினக்சுக்குக் கார்டு தெரிந்தால், பெரும்பாலும் கோளாறு விண்டோசில்தான். லினக்சுக்கும் தெரியவில்லை, ஈகோ முறையும் இல்லை, பயாசிலும் காணோம் என்றால், அப்போது "கார்டு கெட்டிருக்கலாம்" என்று சொல்லலாம். அதற்கு முன் சொல்வது அவசரம்.

யார் மேல் குற்றம்?

"கடைக்காரர்கள் ஏமாற்றுகிறார்கள்" என்று சொல்லிவிடுவது சுலபம். அது முழு நியாயம் ஆகாது.

டாக்டரிடம் போகிறோம். நாடி பார்க்கிறார். "ஒன்றுமில்லை, போய் வாருங்கள்" என்கிறார். பீஸ் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாக வருகிறோம்.

லேப்டாப் கடைக்குப் போகிறோம். அவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, ஓர் அமைப்பை மாற்றிச் சரி செய்கிறார். காசு கேட்டால், "ஒரு பொத்தானை அழுத்தியதற்கா இவ்வளவு?" என்று சண்டைக்குப் போகிறோம். அதே கடைக்காரர் ஒரு சாமானை மாற்றியதாகச் சொன்னால் பேசாமல் கொடுத்துவிடுகிறோம்!

அறிவுக்குக் காசு கொடுக்க மாட்டோம்; சாமானுக்குக் கொடுப்போம். பிறகு கடைக்காரர் என்ன செய்வார்? வாடகை கட்ட வேண்டாமா? சாமானை மாற்றத்தான் பார்ப்பார். அவசரமாகப் "போச்சு" என்பதை நாமே அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

ஆகவே, பார்ப்பதற்குக் கூலி கொடுங்கள். மனமாரக் கொடுங்கள். கொடுத்தபின், உரிமையோடு கேளுங்கள். "எதைப் பார்த்தீர்கள்? எப்படித் தெரிந்தது? எனக்கும் காட்டுங்கள். காரணத்தைக் காகிதத்தில் எழுதுங்கள். மாற்றினால் பழைய போர்டைத் திருப்பிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். நல்ல தொழிலாளி கோபிக்க மாட்டார். காட்டுவதில் அவருக்குப் பெருமைதான்.

சிப்பைச் சூடு காட்டி உயிர் கொடுப்பதாகச் சிலர் சொல்வார்கள். அதில் எச்சரிக்கை வேண்டும். சூடு காட்டியதும் கார்டு எழுந்துகொள்வது உண்டு. பிறகு மறுபடியும் படுத்துவிடுவதும் உண்டு. எத்தனை நாள் பொறுப்பு என்று எழுதி வாங்காமல் பணம் கொடுக்கக்கூடாது.

கம்பெனிகளுக்கும் ஒரு கேள்வி

கார்டே கெட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கார்டை மட்டும் மாற்றினால் போதாதா? ஏன் முழு போர்டு?

'கார்டு' என்பது இங்கே பேருக்குத்தான். பெரும்பாலான லேப்டாப்களில் அது மதர்போர்டிலேயே பற்ற வைத்த சிப். அடுப்பு கெட்டால் சமையலறையையே இடித்துக் கட்டு என்பது போல! லேப்டாப்பை மெலிதாக்க இப்படிச் செய்கிறார்கள். மெலிந்தது லேப்டாப் மட்டுமா? வாங்குகிறவரின் பணப்பையும்தான்!

சிப்பைச் செய்கிறவர்களும் தவறுவது உண்டு. 2008 ஜூலையில் என்விடியா கம்பெனியே ஓர் அறிவிப்பு வெளியிட்டது. லேப்டாப்களுக்குச் செய்த சில சிப்களில் பலவீனமான பொருள் சேர்ந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டது. பழுது பார்க்கவும் மாற்றிக் கொடுக்கவும் 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாகச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில், அந்தச் சிப் இருந்த தன் லேப்டாப்களை இலவசமாகப் பழுது பார்ப்பதாக ஆப்பிள் அறிவித்தது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. கார்டு கெட்டது நிச்சயம் என்றால், அந்த மாடலுக்குக் கம்பெனி ஏதாவது சலுகை அறிவித்திருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். கம்பெனியின் தவறுக்கு அம்மாவின் வளையல் ஏன் போக வேண்டும்?

கழற்றி மாட்டும் கார்டு முடியாத காரியம் அல்ல. அமெரிக்காவின் பிரேம்வொர்க் கம்பெனி 2024ல் அனுப்பத் தொடங்கிய 16 அங்குல லேப்டாப்பில், கிராபிக்ஸ் பகுதியைத் தனியே கழற்றி மாட்டலாம். ஒருவரால் முடிந்தால் மற்றவர்களாலும் முடியும். மனம்தான் வேண்டும்.

இந்தியாவில் 2022 டிசம்பர் 24ல் மத்திய அரசு 'பழுது பார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது. கம்பெனிகள் பழுது பார்க்கும் விவரங்களை மக்களுக்குத் தர வேண்டும் என்பது அதன் நோக்கம். நோக்கம் நல்லது. அது போதாது. சாமான் கிடைக்க வேண்டும். நியாய விலையில் கிடைக்க வேண்டும். அதற்குச் சட்டமே வர வேண்டும். அதுவரை, மோசம் போனதாக நினைப்பவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசலாம். வாய் திறக்காதவனுக்கு நியாயம் தானாக நடந்து வராது!

வளையல் தப்பியது

முதலில் சொன்ன வீட்டுக்குத் திரும்புவோம்.

அப்பா அவசரப்படவில்லை. "தம்பி, கடைசியாக நீ எதை மாற்றினாய்? யோசித்துச் சொல்" என்றார்.

மகன் யோசித்தான். போன வாரம் ரயிலில் வந்தபோது பாட்டரி குறைந்தது. ஈகோ முறையை அழுத்தினான். பிறகு மறந்துவிட்டான். இப்போது அதை மாற்றினான். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தான். பெரிய கார்டின் பெயர் பட்டியலில் வந்து நின்றது!

எல்லா வீட்டிலும் இப்படி முடியாது. சில வீட்டில் கார்டு உண்மையிலேயே கெட்டிருக்கும். கெட்டிருந்தால் செலவு செய்யத்தான் வேண்டும். ஆனால், பார்த்துத் தெரிந்து செய்யும் செலவு வேறு. பயந்து செய்யும் செலவு வேறு.

காசில்லாத வைத்தியத்தை முதலில் செய்யுங்கள். காசுள்ள வைத்தியத்தைக் கடைசியில் செய்யுங்கள். லேப்டாப்புக்கு மட்டும் அல்ல. வீட்டில் உள்ள எல்லா எந்திரத்துக்கும் இதுதான் வழி!