கைநாட்டு வைக்குமுன் ஒரு கேள்வி



சென்ற மாதம் ஒரு நாள் அந்திப் பொழுது. வீட்டு வாசலில் அமர்ந்து பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக் கொண்டிருந்தேன். லயத்திலிருந்து ஓர் அக்கா வந்து நின்றார். முகம் வாடியிருந்தது.

"சார், அவரு காலை எடுக்கணும்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. நாளைக்கு வந்து பாரத்துல கைநாட்டு வைக்கச் சொல்றாங்க. எனக்கு மலாய் படிக்கத் தெரியாது. நீங்க கூட வந்து எந்த இடத்துல வைக்கணும்னு மட்டும் காட்டுங்க" என்றார்.

அவருடைய கணவர் செம்பனைக் குலை வெட்டுபவர். வயது ஐம்பத்து நான்கு. பத்தாண்டுகளாக இனிப்பு நீர். மூன்று வாரங்களுக்கு முன் காட்டில் மட்டை முள் பாதத்தில் தைத்திருக்கிறது. 'முள்தானே' என்று பிடுங்கிப் போட்டுவிட்டு, மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போயிருக்கிறார். மண்டோரிடம் சொல்லவில்லை, தோட்டத்துக் கிளினிக்கிலும் காட்டவில்லை. இனிப்பு நீர் முற்றியவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்துவிடும். வலி தெரியாததால் புண் உள்ளுக்குள்ளேயே புரையோடிவிட்டது. கணுக்கால் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"அக்கா, எங்கே வைப்பது என்பது கிடக்கட்டும். எதற்கு வைக்கிறோம் என்று முதலில் கேட்போம்" என்று சொல்லி, மறுநாள் காலை அவரோடு புறப்பட்டேன்.

அங்கே நாங்கள் கேட்டவையும், அதன்பின் இந்தக் குடும்பத்துக்காக நான் படித்தும் விசாரித்தும் அறிந்தவையும் நம் மக்கள் எல்லாருக்கும் பயன்படும் என்பதால் இம்முறை இதையே எழுதுகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன், பள்ளி ஆசிரியன். சொல்லுவது தீபகற்ப மலேசியாவின் சட்டம்.

யாருடைய கையெழுத்து?

நாங்கள் போனபோது அண்ணன் கட்டிலில் சாய்ந்தபடி தேநீர் குடித்துக் கொண்டிருந்தார். நல்ல நினைவு; தெளிவான பேச்சு. அப்படிப்பட்டவருக்காக மனைவி ஏன் கைநாட்டு வைக்க வேண்டும்? நம் நாட்டில் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினெட்டு வயது நிறைந்தவர் பெரியவர். நினைவோடும் தெளிவோடும் இருக்கும் பெரியவரின் உடலுக்கு அவரே சொந்தக்காரர். ஒப்புதல் தர வேண்டியவர் அவர்தான். மனைவியும் மகனும் கூட இருக்கலாம், ஆலோசனை சொல்லலாம். அவருக்குப் பதிலாக முடிவு செய்ய இயலாது. மனைவிக்கும் இதே நியாயந்தான். தன் உடலுக்குரிய சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ள அவருக்குக் கணவரின் அனுமதி தேவையில்லை.

பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையாக இருந்தால் தாய் தந்தையரோ, சட்டப்படியான பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும். தகப்பன் வெளியூரில் இருக்கிறார் என்று தாய்மார் சிலர் தயங்கி நிற்பதுண்டு. 1999-இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்துக்குப் பின் பிள்ளை மீது தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை. தாயின் கையெழுத்தே போதும். பள்ளியில் விழுந்து அடிபட்ட பிள்ளையை ஆசிரியர்கள் நாங்கள் தூக்கிக்கொண்டு ஓடுவோம். ஆனால் அறுவைக்கு நாங்கள் கையெழுத்திட முடியாது. ஆகவே, தொலைபேசி எண் மாறினால் உடனே பள்ளியில் சொல்லிவிடுங்கள். பேரப்பிள்ளையை வளர்க்கும் பாட்டிமாரும் பெற்றோரின் எண்ணைக் கையில் வைத்திருங்கள்.

உயிர் போகும் அவசரத்தில் இந்த விதி தடையாகாது. நோயாளிக்கு நினைவில்லை, உறவினரும் அருகில் இல்லை என்றால், உயிரைக் காக்க வேண்டிய சிகிச்சையை மருத்துவர் செய்யலாம்.

என்ன கேட்பது?

"பெரிய டாக்டரிடம் எப்படி சார் கேக்கறது? கோவிச்சுக்குவாங்க" என்று அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அந்தப் பயம் நம் மக்களுக்குப் பரம்பரையாக வந்தது. துரைமுன் வாய் திறக்காத பழக்கத்தை டாக்டர்முன்னும் தொடர்கிறோம்.

நம் நாட்டில் ஒரு பெண்மணி 1982-இல் வாகன விபத்தில் சிக்கிக் கழுத்தெலும்பு நகர்ந்து அறுவை செய்துகொண்டார். அதன்பின் கை கால்கள் செயலிழந்தன. அந்த அறுவையில் அப்படி ஓர் ஆபத்து உண்டென்று தமக்கு யாரும் சொல்லவில்லை என்று வழக்குத் தொடுத்தார். ஒரு நீதிமன்றத்தில் வென்று, மேல் நீதிமன்றத்தில் தோற்று, இறுதியாக 2006-ஆம் ஆண்டு கூட்டரசு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நோயாளி முடிவெடுக்கத் தேவையான ஆபத்துகளை மருத்துவர் சொல்லியாக வேண்டும். எதைச் சொல்வது, எதை விடுவது என்பதை மருத்துவர்களின் வழக்கம் மட்டுமே தீர்மானிக்க முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். அந்த அம்மையார் 24 ஆண்டுகள் காத்திருந்து பெற்ற நியாயம் இன்று நம் எல்லாருக்கும் பொதுவானது. கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அன்று, உரிமை.

நான்கு கேள்விகளை மனப்பாடம் செய்து கொள்ளுங்கள். என்ன நோய்? என்ன செய்யப் போகிறீர்கள்? அதில் என்ன ஆபத்து? வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும்? மலாயோ ஆங்கிலமோ புரியாவிட்டால், "தமிழ் தெரிந்தவர் யாரையாவது அழையுங்கள்" என்று கேளுங்கள். புரியாமல் வைத்த கைநாட்டு மெய்யான ஒப்புதல் ஆகாது.

டாக்டர் கோபிக்கவில்லை. இளவயதுப் பெண், வேலை நெருக்கடியில் இருந்தார். ஆனாலும் தமிழ் பேசும் தாதி ஒருவரை அழைத்துவந்து, தாளில் கால் படம் வரைந்து காட்டினார். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும். முழங்காலைக் காப்பாற்றினால் செயற்கைக் கால் பொருத்தி நடப்பது எளிது. தாமதித்தால் கிருமி இரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்து. அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ரெண்டு நாள் பொறுத்தா விரலோட முடியாதாம்மா?" முடியாது என்று டாக்டர் காரணத்தோடு சொன்னார். அண்ணன் சன்னலையே பார்த்தபடி வெகுநேரம் இருந்தார். பிறகு பேனாவைக் கேட்டார். கைநாட்டு அன்று, தோட்டப் பள்ளியில் கற்ற தமிழ்க் கையெழுத்தைப் போட்டார்.

கையெழுத்துப் போட்டால் எல்லாம் போயிற்றா?

"கையெழுத்து வாங்கிக்கிட்டாங்கன்னா அப்புறம் என்ன செஞ்சாலும் கேக்க முடியாதாமே?" என்று லயத்தில் பலர் கேட்கிறார்கள். அப்படியில்லை. நீங்கள் ஒப்புக்கொண்டது சிகிச்சைக்கு, கவனக்குறைவுக்கு அன்று. பேனாவைக் கீழே வைத்த பிறகும், அறுவை தொடங்குமுன் மனம் மாறினால் வேண்டாம் என்று சொல்லலாம்.

டாக்டர் வேண்டாமென்று சொல்லியும் வீட்டுக்குப் போக விரும்பினால் 'ஏ.ஓ.ஆர்.' என்னும் தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். 'என் சொந்தப் பொறுப்பில் போகிறேன்' என்பது அதன் பொருள். போவது உங்கள் உரிமை, விளைவும் உங்களுடையதே. ஆனால் அந்தத் தாளில் கையெழுத்திட்டதால் அதே ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வரக்கூடாது என்று எண்ணி, வீட்டிலேயே கிடந்து நோயை முற்ற விடாதீர்கள். மீண்டும் போகலாம்.

முள்ளுக்கும் கணக்குண்டு

இந்தக் குடும்பத்துக்கு விழுந்த பெரிய அடி இதுதான். வேலைக் காட்டில் வேலை நேரத்தில் முள் தைப்பது வேலை விபத்து. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த சொக்சோவில் வேலையிடத்து விபத்துக்கும், வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்துக்கும் பாதுகாப்பு உண்டு. டாக்டர் நான்கு நாளுக்குக் குறையாமல் விடுப்புக் கொடுத்தால், கணக்கிட்ட அன்றாடச் சராசரிச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். நிலையான ஊனத்துக்குத் தனி உதவி உண்டு; செயற்கைக் கால் பெறவும் வழியுண்டு.

ஆனால் விபத்து நடந்தது என்பதற்குத் தடயம் வேண்டுமே! முதலாளி விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். தொழிலாளி வாய் திறந்தால்தானே முதலாளிக்குத் தெரியும்? அண்ணன் சொல்லாததால் கிளினிக் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. முள் தைத்ததைப் பார்த்த கூட்டாளி ஒருவரின் வாக்குமூலத்தோடு இப்போது விண்ணப்பம் போயிருக்கிறது. விசாரணை நடக்கிறது. அன்று மண்டோரிடம் சொல்லியிருந்தால் இத்தனை அலைச்சல் இல்லை.

ஆகவே, முள்ளோ, வாளோ, மட்டையோ, பாம்போ, எது பட்டாலும் அன்றே சொல்லுங்கள், எழுத வையுங்கள். சின்னக் காயம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் டாக்டர் இல்லை.

வேலை விபத்து அல்லாத நோயால் உழைக்க முடியாமல் போனவர்களுக்கும் சொக்சோவில் 'பென்சன் ஈலாட்' என்னும் ஓய்வூதியம் உண்டு. சந்தா செலுத்திய காலத்தைப் பொறுத்தும், மருத்துவக் குழுவின் முடிவைப் பொறுத்தும் அது அமையும். சொக்சோ அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

எம்.சி. எத்தனை நாள்?

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு. இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 18 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள். 2023 சனவரி முதல் இந்த 60 நாள் மேற்சொன்னவற்றுக்குப் புறம்பானது. நாள்கூலிக்காரருக்கும் இது பொருந்தும். விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் அனுமதியின்றி வராதவர் ஆகிவிடுவீர்கள். எம்.சி. தாளைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, சம்பள நாளில் கிராணியோடு சண்டை போட்டுப் பயனில்லை. கொடுத்தும் சம்பளம் வராவிட்டால் சங்கத்தாரிடமோ, லேபர் ஆபிசிலோ புகார் செய்யலாம்.

தவறு நடந்ததாகத் தோன்றினால்

முதலில் மெடிக்கல் ரிப்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். நோட்டும் எக்ஸ்ரேயும் ஆஸ்பத்திரியின் பாதுகாப்பில் இருக்கும்; ஆனால் உங்கள் நோயைப் பற்றிய அறிக்கையை நீங்கள் கட்டணம் செலுத்திக் கேட்டுப் பெறலாம். அரசாங்க ஆஸ்பத்திரியானால் அங்குள்ள பொதுத் தொடர்புப் பிரிவில் எழுத்து மூலம் முறையிடலாம். தனியார் மருத்துவமனைகள் நோயாளியின் புகாரைக் கேட்க ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்று 1998-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மருத்துவரின் நடத்தை பற்றிய புகாரை மலேசிய மருத்துவ மன்றத்துக்கு அனுப்பலாம்.

வழக்குத் தொடுக்க எண்ணினால் காலம் மிக முக்கியம். அரசாங்க ஆஸ்பத்திரி மீது என்றால் பொதுவாக 36 மாதங்களுக்குள். தனியார் மீது என்றால் பொதுவாக ஆறாண்டுகளுக்குள். துக்கம் ஆறட்டும், கருமாதி முடியட்டும், வீட்டில் கல்யாணம் முடியட்டும் என்று இருந்துவிட்டு நாள் கடந்தபின் வழக்கறிஞரைத் தேடினால் அவர் என்ன செய்வார்? அதே சமயம், நோய் குணமாகாததெல்லாம் டாக்டரின் தவறு ஆகிவிடாது என்பதையும் மறவாதீர்கள்.

இதையெல்லாம் இன்று உங்களுக்குச் சொல்கிறேன். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு முன் என் தகப்பனார் படுத்திருந்தபோது, படித்த மகனாகிய நான் செய்தது என்ன தெரியுமா? "என்னடா தம்பி எழுதியிருக்கு?" என்று அவர் கேட்டார். பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழ் வாங்கிய நான், "ஒன்னுமில்லப்பா, சும்மா வைங்க" என்று அவர் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றினேன். அறுவை முடிந்தது, அவர் கண் திறக்கவில்லை. தாளை வாசித்துச் சொல்லியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்றே நினைக்கிறேன். ஆயினும் அவர் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கடன் என்னிடம் இருக்கிறது.

அண்ணன் வீடு திரும்பிவிட்டார். திண்ணையில் அமர்ந்து செயற்கைக் காலுக்கு அளவெடுக்கும் நாளை எண்ணிக் கொண்டிருக்கிறார். அக்கா ஒரு பத்துக்காசு நோட்டில் தேதி போட்டு எல்லாவற்றையும் பேத்தியை விட்டு எழுத வைக்கிறார்: எந்த நாள் எந்த டாக்டர் என்ன சொன்னார், எந்தத் தாள் யாரிடம் கொடுத்தது என்று. நீங்களும் இன்றே ஒரு நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில் அந்த நான்கு கேள்விகளை எழுதி வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்குப் போகும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் நான் திருத்தித் தருகிறேன்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.